தமிழ்ப் பள்ளிக்கு ஓட்டிய மைல், கண் முகாம் டிக்கெட்: அமெரிக்க வரியில் எதைக் கழிக்கலாம்?

எடிசன்வாசி

வணக்கம். 2025 வரிக் கணக்கை இந்தத் தடவை நானே போடுகிறேன். நியூ ஜெர்சி, கணவன் மனைவி கூட்டுக் கணக்கு. தன்னார்வப் பணிக்காக ஆன பயணச் செலவு மூன்று விதமாக இருக்கிறது.

முதலாவது, மனைவி சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் சம்பளம் இல்லாமல் பாடம் எடுக்கிறார். ஒரு வழி 22 மைல், வருடத்தில் 36 சனிக்கிழமை, டோல் போக வர 4 டாலர். அந்த நேரம் சின்னவனைப் பார்த்துக்கொள்ள சில வாரம் ஆள் வைத்துப் பணம் கொடுத்தோம். பெரியவள் அதே பள்ளியில் படிக்கிறாள்.

இரண்டாவது, ஜூலை 4 வார இறுதியில் வேறு மாநிலத்தில் நடந்த தமிழ் மாநாட்டுக்கு எங்கள் சங்கத்தின் பிரதிநிதியாகப் போனேன். விமானம், விடுதி எல்லாம் கைக்காசு. குடும்பமும் கூட வந்தது.

மூன்றாவது, டிசம்பரில் மதுரை அருகே 8 நாள் கண் முகாம். நடத்தியது அமெரிக்காவில் பதிவான அறக்கட்டளை. முகாம் முடிந்து 15 நாள் ஊரில் இருந்துவிட்டு வந்தேன். டிக்கெட் 1,480 டாலர்.

மைலுக்கு 70 சென்ட் என்று ஒருவர் சொல்கிறார், 14 என்று இன்னொருவர். எது சரி? படிவத்தில் எங்கே எழுதுவது? என்னென்ன தாள் கையில் இருக்க வேண்டும்?

கணக்குப்பிள்ளை

14 சென்ட்தான். 70 என்பது 2025-ல் தொழில் பயணத்துக்கான விகிதம். மருத்துவப் பயணத்துக்கு 21. அந்த இரண்டையும் பெட்ரோல் விலை, வண்டிச் செலவு பார்த்து அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். மாற்றிக்கொண்டே இருக்கும். அறப்பணி விகிதத்தில் கைவைக்க அதற்கு அதிகாரம் இல்லை, ஏனென்றால் 14 என்ற எண்ணே வரிச் சட்டத்தின் 170(ஐ) பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது. 1997-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை 12-லிருந்து 14 ஆக்கியது. 1998 முதல் அமலில் இருக்கிறது, அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. கத்ரீனா புயல் நிவாரணத்துக்கு வண்டி ஓட்டியவர்களுக்கு மட்டும் 2005-06-ல் தொழில் விகிதத்தில் 70 சதவீதம் என்று தற்காலிகச் சலுகை இருந்தது. மற்றபடி பெட்ரோல் ஒரு டாலர் சொச்சம் விற்ற காலத்து எண்ணை வைத்துத்தான் இன்றைக்கும் கணக்கு.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது, நீங்கள் ஐட்டமைஸ் செய்கிறீர்களா, அதாவது கழிவுகளை ஒவ்வொன்றாக ஷெட்யூல் ஏ என்ற படிவத்தில் எழுதுகிறீர்களா என்பது. ஷெட்யூல் ஏ போடாதவருக்கு 2025-ல் இந்தச் செலவில் ஒரு பைசாவும் கழியாது. கூட்டுக் கணக்குக்கு, செலவு எதையும் பட்டியலிடாமலே கிடைக்கும் நிலையான கழிவான 2025 ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 31,500 டாலர். வீட்டுக் கடன் வட்டி, சொத்து வரி, மாநில வருமான வரி, நன்கொடை எல்லாம் சேர்ந்து அதைத் தாண்ட வேண்டும். மாநில, உள்ளூர் வரிக் கழிவுக்கு இருந்த 10,000 டாலர் உச்சவரம்பு 2025-ல் 40,000 ஆகிவிட்டது (வருமானம் 5 லட்சம் டாலரைத் தாண்டினால் குறையத் தொடங்கும்). அதனால் நியூ ஜெர்சியில் சொந்த வீடு உள்ள பலர் பல வருடம் கழித்து இப்போது மீண்டும் ஷெட்யூல் ஏ பக்கம் வருகிறார்கள். போன வருடம் ஸ்டாண்டர்ட் எடுத்தோம், இந்த வருடமும் அதேதான் என்று விட்டுவிடாமல் ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். நியூ ஜெர்சி மாநிலக் கணக்கில் ஃபெடரலில் உள்ளதுபோல் பொது நன்கொடைக் கழிவு கிடையாது. அங்கே தேட வேண்டாம்.

தமிழ்ப் பள்ளிக் கணக்கு: 44 மைல் × 36 = 1,584 மைல். 14 சென்ட் வீதம் 221.76 டாலர். டோலும் பார்க்கிங்கும் இதற்கு மேல் தனியாகச் சேரும்: 4 × 36 = 144. மொத்தம் 365.76. நீங்கள் 22 சதவீதப் படியில் இருந்தால் வரியில் மிச்சமாவது சுமார் 80 டாலர். அவ்வளவுதான். இதற்காக யாரும் பொய்க் கணக்கு எழுதத் தேவையில்லை என்பதற்காகவே தொகையைச் சொல்கிறேன்.

14 சென்ட்டுக்குப் பதிலாக உண்மையான பெட்ரோல், ஆயில் செலவையும் போடலாம். எது லாபம் என்று பார்க்க ஒரே வகுத்தல் போதும்: காலன் விலையை வண்டியின் மைலேஜால் வகுங்கள். 3.50 டாலர், காலனுக்கு 25 மைல் என்றால் சரியாக 14 சென்ட். காலனுக்கு 18 மைல் தரும் மினி வேன் என்றால் 19 சென்ட்டுக்கு மேல் வரும்; அங்கே உண்மைச் செலவே நல்லது, ரசீதுகளை வைத்துக்கொள்ளும் பொறுமை இருந்தால். மின்சார வண்டி வைத்திருப்பவர் மைலுக்கு 14 சென்ட்டே எடுக்கட்டும், வீட்டில் சார்ஜ் செய்தால் அவருக்கு ஆகும் செலவு பெரும்பாலும் அதற்குக் கீழேதான். டயர், இன்ஷூரன்ஸ், பொதுவான ரிப்பேர், தேய்மானம், பதிவுக் கட்டணம் இவை எந்த வழியிலும் வராது. டோல் கட்டாமல் போனதற்கு வந்த அபராதமும் வராது. ஊபரில் போனால் கட்டணம் அப்படியே கழியும். இரண்டு ஆசிரியர்கள் ஒரே காரில் போனால் மைல் கணக்கு வண்டிக்காரருக்கு மட்டும்.

தொழிலில் வீட்டிலிருந்து அலுவலகம் போவது தினப்படிப் பயணம், கழியாது. அறப்பணியில் அந்தத் தடை இல்லை. ஐ.ஆர்.எஸ். வெளியிடும் பப்ளிகேஷன் 526-ல் தன்னார்வலர் கேள்வி பதில் அட்டவணை ஒன்று உண்டு. தன்னார்வப் பணி செய்யும் அலுவலகம் வீட்டிலிருந்து 30 மைல், கழிக்கலாமா என்ற கேள்விக்கு அதில் நேரடியாகவே "ஆம்" என்றிருக்கிறது. அதே அட்டவணையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்த செலவுக்கு "இல்லை". ஆள் வைக்காவிட்டால் பணிக்கே போக முடியாது என்ற நிலையிலும் இல்லைதான். செலவழித்த நேரத்துக்கும் மதிப்புப் போட முடியாது.

உங்கள் கேள்வியில் நீங்களே கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது: பெரியவள் அதே பள்ளியில் படிக்கிறாள். செலவு சேவையின் காரணமாக மட்டுமே ஏற்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் மனைவி பாடம் எடுக்காவிட்டாலும் அந்த 44 மைலை யாராவது ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால், மகளும் காரில் இருந்த சனிக்கிழமைகளைக் காப்பாற்றுவது கடினம். ஆசிரியர் கூட்டம், தேர்வுத் தாள் திருத்தம், ஆண்டு விழா ஒத்திகை என்று தனியாகப் போன நாட்கள் தெளிவாக நிற்கும். நான் போட்டால் அவற்றை மட்டும் போடுவேன்.

சாப்பாடு: இரவு வெளியூரில் தங்கினால் மட்டுமே. சனிக்கிழமை வழியில் வாங்கிய தோசையும் காபியும் வராது. வகுப்புக்கு எடுத்த நகல், வாங்கிய அட்டை, மார்க்கர் பயணச் செலவு இல்லை என்றாலும் கைக்காசு என்ற வகையில் கழியும். பள்ளி ஆசிரியர்களுக்கான 300 டாலர் கழிவை இங்கே போட்டுவிடாதீர்கள். அது மழலை முதல் 12-ஆம் வகுப்பு வரையான முறைப் பள்ளியில் வருடம் 900 மணி நேரம் வேலை செய்பவர்களுக்கு.

எழுத வேண்டிய இடம் ஷெட்யூல் ஏ, 11-வது வரி, அதாவது பணமாகவும் காசோலையாகவும் கொடுத்தவை. கைக்காசுச் செலவு அந்த வரியில்தான் சேரும். பலர் இதை "பணம் அல்லாத நன்கொடை" என்று நினைத்து 12-வது வரியில் போடுகிறார்கள். அங்கே 500 டாலர் தாண்டினால் மென்பொருள் உடனே ஃபார்ம் 8283 கேட்கும், பொருள் எப்போது வாங்கியது, சந்தை மதிப்பு என்ன என்று விசாரிக்கும். மைலுக்கு ஏது சந்தை மதிப்பு! அந்தப் படிவம் தலைகாட்டினாலே தப்பான பக்கத்தில் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மாநாடும் முகாமும் பெரிய விஷயம், தனியாக எழுதுகிறேன்.

சங்கப்_பொருளாளர்

கணக்குப்பிள்ளை சொன்னது வரி கட்டுறவர் பக்கம். அமைப்போட பக்கம் நான் சொல்றேன், ஏன்னா நிறைய பேருக்குக் கால் இடறுறது இங்கதான்.

முதல்ல பள்ளி, சங்கம், அறக்கட்டளை மூணும் நிஜமாவே 501(சி)(3), அதாவது கொடுக்குறவருக்கும் வரிக் கழிவு கிடைக்குற அறநிறுவன வகை, தானான்னு பாருங்க. "நான்-பிராஃபிட்" போர்டு மாட்டியிருந்தாப் போதாது. மாநிலத்துல லாப நோக்கமில்லாத நிறுவனமாப் பதிவு பண்றது வேற, ஐ.ஆர்.எஸ். கிட்ட விலக்கு வாங்குறது வேற. 501(சி)(4), (சி)(6), (சி)(7) எல்லாம் தனக்கு வரி கட்டாத அமைப்புகள், ஆனா பொதுவா அதுக்குக் கொடுத்தா உங்களுக்குக் கழிவு கிடையாது. ஐ.ஆர்.எஸ். தளத்துல வரிவிலக்கு அமைப்புகளைத் தேடுற பக்கம் இருக்கு. பேரை வச்சுத் தேடாதீங்க. "தமிழ்" ங்கிறதை ஒவ்வொருத்தர் ஒவ்வொரு எழுத்துல பதிவு பண்ணியிருப்பாங்க, சங்கத்துக்கு ஒரு எழுத்துக் கூட இருக்கும், குறைய இருக்கும். ஒன்பது இலக்க வரி எண்ணைக் கேட்டு வாங்கி அதை வச்சுத் தேடுங்க.

அதே பக்கத்துல தானாக ரத்தான அமைப்புகளோட பட்டியலையும் பாருங்க. வருடாந்திரத் தாக்கலைத் தொடர்ந்து மூணு வருஷம் விட்டுட்டா விலக்கு தானாவே போயிடும். வருஷ வரவு சாதாரணமா 50,000 டாலருக்குள்ள இருக்குற சின்னச் சங்கங்களுக்கு 990-என் னு ஒரு மின்னஞ்சலட்டை மாதிரி தாக்கல்தான், பத்து நிமிஷ வேலை. அதையும் விடுறாங்க. செயற்குழு மாறும்போது பழைய பொருளாளர் புதுசா வர்றவர்கிட்ட பாஸ்வேர்டு கொடுக்க மாட்டார், புதுசா வந்தவருக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது, மூணு வருஷம் ஓடிடும். கோயில், சர்ச், மசூதி மட்டும் விதிவிலக்கு: விண்ணப்பிக்காமலே தகுதி உண்டு, அதனால பட்டியல்ல பேர் இல்லாமலும் இருக்கலாம். ஆனா கோயிலுக்குச் சாமி கும்பிடப் போற மைல் கழியாது. அன்னதானத்துக்குச் சமைக்கப் போனா, கணக்கு எழுதப் போனா, அது சேவை.

அடுத்து கடிதம். ஒரு தடவைச் செலவு 250 டாலர் அல்லது அதுக்கு மேல போனா அமைப்போட எழுத்துபூர்வமான ஒப்புகை கட்டாயம். வாராவாரம் போற 10 டாலர் பயணத்துக்கு வேண்டாம். விமான டிக்கெட்டுக்கு வேணும். நிறையச் சங்கங்கள் வழக்கமான நன்கொடை ரசீதுல "இத்தனை டாலர் பெற்றுக்கொண்டோம்" னு அடிச்சுக் கொடுத்துடுறாங்க. அது தப்பு. அமைப்பு உங்ககிட்ட பணமே வாங்கலையே. கடிதத்துல இருக்க வேண்டியது: நீங்க செஞ்ச சேவை என்ன, எந்தத் தேதியில, எங்கே, பதிலுக்கு அமைப்பு உங்களுக்குப் பொருளோ வசதியோ கொடுத்ததா இல்லையா, கொடுத்திருந்தா அது என்ன, நியாயமா மதிச்சா எவ்வளவு. தொகையை நிரூபிக்கிறது உங்க ரசீதோட வேலை, சங்கத்தோட வேலை இல்லை. கீழே உள்ள மாதிரியை ஆங்கிலத்துல எழுதி லெட்டர்ஹெட்ல கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா முடிஞ்சது:

"இன்னார் எங்கள் அறக்கட்டளையின் தன்னார்வலராக 2025 டிசம்பரில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இன்ன ஊரில் நடந்த கண் பரிசோதனை முகாமில் பதிவு, பார்வை அளவீட்டுப் பணிகளைச் செய்தார். இதற்கான பயணச் செலவை அறக்கட்டளை அவருக்குத் திருப்பித் தரவில்லை. இந்தச் சேவைக்கும் செலவுக்கும் பதிலாக எந்தப் பொருளும் வசதியும் வழங்கப்படவில்லை."

கடைசி வரியை விட்டா கடிதம் செல்லாது. அதே சமயம் அதைப் பொய்யா எழுதவும் கூடாது. முகாம்ல தங்க இடமும் சாப்பாடும் அவங்களே கொடுத்திருந்தா அதை எழுதணும். தமிழ்ப் பள்ளிகள்ல இதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு: ஆசிரியர் பிள்ளைகளுக்குக் கட்டணத் தள்ளுபடி. வருஷம் சில நூறு டாலர் கட்டணத்தைப் பள்ளி விட்டுக்கொடுத்துட்டு, "பதிலுக்கு எதுவும் கொடுக்கலை" னு எப்படி எழுதும்? அந்தத் தள்ளுபடி உங்க 365 டாலரைவிட அதிகம்னா கழிக்க மிச்சம் எதுவும் இல்லைன்னுதான் நான் எங்க ஆசிரியர்களுக்குச் சொல்றது. எடிசன்வாசி, உங்க பெரியவளுக்குக் கட்டணம் முழுசாக் கட்டினீங்களா?

தேதி முக்கியம். வரிக் கணக்கைத் தாக்கல் செய்யற நாள், இல்லேன்னா நீட்டிப்போட சேர்த்துக் கடைசி நாள், இதுல எது முந்தியோ அதுக்குள்ள கடிதம் உங்க கையில இருக்கணும். தாக்கல் பண்ணிட்டு, ரெண்டு வருஷம் கழிச்சு ஐ.ஆர்.எஸ். கேட்கும்போது போய் வாங்கினா அது செல்லாது. பொருளாளர் நல்லவர்தான், தேதியைப் பின்னாடி போட்டுத் தருவார்னு நினைக்காதீங்க. தரவும் கூடாது.

குயில்தோப்பு

இந்தியா டிக்கெட்டை நாள் கணக்கில் பிரிக்கலாமே? மொத்தம் 23 நாள், முகாம் 8 நாள். 1,480-ல் 8/23 பங்கு, சுமார் 515 டாலர். வெளிநாட்டுத் தொழில் பயணத்தில் அப்படித்தானே செய்கிறோம்?

கணக்குப்பிள்ளை

குயில்தோப்பு, அந்தப் பங்கு பிரிக்கும் விதி தொழில் பயணத்துக்கானது. அறப்பணிக்கு 170(ஜே) என்று தனிப் பிரிவு, 1986 வரிச் சீர்திருத்தத்தில் வந்தது. சொந்த மகிழ்ச்சி, பொழுதுபோக்கு, விடுமுறை ஆகியவற்றின் அம்சம் குறிப்பிடத்தக்க அளவில் இருந்தால் வெளியூர்ப் பயணச் செலவு, தங்கல், சாப்பாடு உட்பட, கழியாது என்பதே அதன் சாரம். பங்கு போடும் வழியை அது தரவில்லை. கழிந்தால் முழுதும் கழியும், இல்லையென்றால் ஒன்றுமே கழியாது. 8 நாள் முகாமுக்குப் பின் 15 நாள் ஊர் என்றால் எந்த அதிகாரியும் அதை விடுமுறை என்றுதான் வாசிப்பார். டிக்கெட்டை விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து.

இதில் உழைப்பின் கடுமை கணக்கில் வராது. பப்ளிகேஷன் 526-ல் ஒரு எடுத்துக்காட்டு: தொல்லியல் அகழாய்வுக்குப் போனவர் தினமும் காலையில் சில மணி நேரம் மண் தோண்டுகிறார், மிச்ச நேரம் ஊர் சுற்றிப் பார்க்க விடுதலை. அந்தச் சில மணி நேரம் எவ்வளவு கடுமையாக உழைத்தாலும் பயணச் செலவு கழியாது என்கிறார்கள். இன்னொன்றில், சிறுவர் குழுவை முகாமுக்கு அழைத்துப் போகும் பொறுப்பாளர் முழுப் பயணத்திலும் பிள்ளைகளின் மேற்பார்வையில் இருக்கிறார். அவருக்கு அது சந்தோஷமாக இருந்தாலும் கழியும். ஆகவே நாள் முழுவதும் கடமையில் இருந்தீர்களா என்பதே கேள்வி. பணியை ரசித்துச் செய்தது குற்றமில்லை. பெயருக்குச் சின்ன வேலை ஒன்றை வைத்துக்கொண்டு போனதும், நாளின் பெரும்பகுதி வேலையே இல்லாமல் இருந்ததும்தான் இடிக்கும்.

அதே முகாமுக்குப் போய் இறங்கிய மறுநாள் வேலை தொடங்கி, முடிந்த மறுநாள் விமானம் ஏறியவருக்கு டிக்கெட், மதுரையில் விடுதி, சாப்பாடு, விமான நிலையத்திலிருந்து டாக்ஸி எல்லாம் கழியும். சாப்பாட்டில் தொழிலில் உள்ள பாதிக்குப் பாதி வெட்டும் இங்கே கிடையாது. ஒருநாள் இடையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய் வந்ததால் அது விடுமுறை ஆகிவிடாது. எடிசன்வாசி, உங்களுக்கு மிஞ்சுவது பயணம் அல்லாத கைக்காசு: முகாமுக்கென்று வாங்கிப் போன சொட்டு மருந்து, கண்ணாடிச் சட்டம் போன்றவை, ரசீது இருந்தால்.

முகாம் பற்றி இன்னொரு எச்சரிக்கை. சேவை அமெரிக்க அமைப்புக்குச் செய்ததாக இருக்க வேண்டும். ஊருக்குப் போன இடத்தில் அங்குள்ள டிரஸ்ட் ஒன்றுக்கு நேரடியாக உதவினால், அது எவ்வளவு நல்ல டிரஸ்ட்டாக இருந்தாலும் இங்கே கழிவு இல்லை. வரி ஒப்பந்தப்படி கனடா, மெக்சிகோ, இஸ்ரேல் அமைப்புகளுக்குச் சில வரம்புகளோடு வழி உண்டு, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இல்லை. உங்களை அனுப்பியது, வேலையை ஒதுக்கியது, அறிக்கை வாங்கியது அமெரிக்க அறக்கட்டளை என்பதற்கு மின்னஞ்சல் இருக்கட்டும்.

மாநாடு. சங்கம் உங்களைப் பிரதிநிதியாகத் தேர்ந்து அனுப்பியதா, இல்லை உறுப்பினராக நீங்களே போனீர்களா? முதலாவது கழியும், இரண்டாவது கழியாது. "பிரதிநிதி" என்ற பட்டை கழுத்தில் தொங்கினால் போதாது. செயற்குழுக் கூட்டக் குறிப்பில் இன்னாரை அனுப்புகிறோம் என்ற தீர்மானம், மாநாட்டுக்கு முந்தைய தேதியில், இருந்தால் அதுவே பலமான சான்று. பகல் முழுக்கக் கூட்டங்களில் இருந்துவிட்டு மாலையில் கச்சேரி கேட்டால் பயணம் கழியும், கச்சேரிச் சீட்டு கழியாது. குடும்பத்தின் டிக்கெட்டும் சாப்பாடும் எந்த வகையிலும் வராது. விடுதி அறையை நால்வர் பகிர்ந்திருந்தால் ஒருவருக்கான அறை வாடகை என்னவாக இருந்திருக்கும் என்று விடுதித் தளத்தில் பார்த்து, அன்றைய பக்கத்தைச் சேமித்து, அந்தத் தொகையைப் போடுங்கள். மாநாட்டோடு சேர்த்துக் கடற்கரை, தீம் பார்க் என்று மூன்று நாள் கூட்டினீர்கள் என்றால் மேலே சொன்ன 170(ஜே) இங்கேயும் எழுந்து நிற்கும்.

அடுத்தவரின் சேவைக்கு நீங்கள் கொடுத்த செலவும் உங்கள் கழிவு ஆகாது. 1990-ல் உச்ச நீதிமன்றம் டேவிஸ் வழக்கில் இதைத் தீர்த்துவிட்டது: மதப் பணிக்குப் போன மகன்களுக்குப் பெற்றோர் நேரடியாக அனுப்பிய செலவுப் பணம் கழிக்கத் தக்கதல்ல என்றார்கள். கல்லூரியில் படிக்கும் மகளை முகாமுக்கு அனுப்பி டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் அப்பாக்கள் இதைப் படிக்க வேண்டும். அறக்கட்டளைக்கே நன்கொடை கொடுத்து, அது தன் விருப்பப்படி தன்னார்வலர்களுக்குச் செலவழிப்பது வேறு விஷயம். ஆனால் "என் மகளுக்காக" என்று குறித்துக் கொடுத்தால் மறுபடியும் பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள்.

பதிவுகள். 250 டாலருக்குக் கீழான செலவில் ரசீது, கார்டு ஸ்டேட்மென்ட், மைல் குறிப்பு இவை போதும். 2011-ல் வரி நீதிமன்றத்தில் வான் டூசன் என்பவரின் வழக்கு இதற்கு நல்ல பாடம். கலிஃபோர்னியாவில் ஒரு பூனைக் காப்பு அமைப்புக்காக வீட்டில் பூனைகளை வைத்துப் பராமரித்தவர், தானே வாதாடினார். 250-க்குக் கீழிருந்த செலவுகளில் பெரும்பகுதியை ரசீதையும் வங்கிக் கணக்கையும் வைத்து ஜெயித்தார். 250-க்கு மேல் போன செலவுகள் அமைப்பின் கடிதம் இல்லாத ஒரே காரணத்தால் போயின.

மைல் குறிப்பு ஒரு வரி போதும்: "சனி, 13 செப். 2025, தமிழ்ப் பள்ளி, ஆசிரியர் கூட்டம், வீடு-பள்ளி-வீடு 44 மைல், டோல் 4.00". அன்றைக்கே எழுதுங்கள். வரும் வழியில் மளிகைக் கடைக்கு ஆறு மைல் சுற்றினால் அதைச் சேர்க்காதீர்கள். மார்ச் மாதம் உட்கார்ந்து 52 சனிக்கிழமைக்கும் ஒரே பேனாவில் எழுதிய பட்டியலை யாரும் நம்ப மாட்டார்கள். அதில் பள்ளி இல்லாத நன்றி நவிலல் வாரத்துக்கும் 44 மைல் இருந்தால் சொல்லவே வேண்டாம். டோல் கட்டும் ஈஸி பாஸ் கணக்கிலிருந்து வருட ஸ்டேட்மென்ட்டை இறக்கி வையுங்கள். எந்தச் சாவடியை எத்தனை மணிக்குக் கடந்தீர்கள் என்று அதிலேயே இருக்கும், மைல் குறிப்புக்கு அதைவிடச் சிறந்த சாட்சி இல்லை. பள்ளி ஆண்டு செப்டம்பரில் தொடங்கினாலும் வரி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது என்பதையும் மறக்க வேண்டாம். பள்ளியின் வருகைப் பதிவேட்டை அப்படியே எடுத்தால் இரண்டு வருடம் கலந்துவிடும்.

எடிசன்வாசி

மிக்க நன்றி இருவருக்கும். மகளுக்குப் பாதிக் கட்டணம் தள்ளுபடி. தனியாகப் போன நாட்கள் 9 மட்டுமே. ஐட்டமைஸ் செய்தால் எங்களுக்கு 29,000 சொச்சம்தான் வருகிறது, ஆக 2025-ல் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்தான். 2026-க்காவது இப்போதிருந்தே எழுதி வைப்பதில் பயன் உண்டா? மதுரையில் உள்ளூர் டிரஸ்ட்டுக்குக் கொடுத்த பத்தாயிரம் ரூபாய்க்கு, இந்திய வருமான வரியில் நன்கொடைக் கழிவுக்கான 80ஜி ரசீது ஒன்றும் கையில் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

உண்டு. 2026-லிருந்து ஷெட்யூல் ஏ போடாதவர்களுக்கும் நன்கொடைக் கழிவு வருகிறது: தனிநபருக்கு 1,000 டாலர், கூட்டுக் கணக்குக்கு 2,000 வரை, ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனுக்கு மேல். பொது அறக்கட்டளைக்குப் பணமாகக் கொடுத்தது மட்டும். பழைய துணி, சாமான், பங்கு இவை சேராது. டோனர் அட்வைஸ்ட் ஃபண்டுக்கு (பணத்தை இப்போது போட்டுவிட்டு, எந்த அமைப்புக்குப் போக வேண்டும் என்று பிறகு பரிந்துரைக்கும் நிதி) போடுவதும் சேராது.

தன்னார்வலரின் கைக்காசு "பணம்" ஆகுமா என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். 2021-ல் இதே மாதிரி 300, 600 டாலர் தற்காலிகக் கழிவு இருந்தபோது, திருப்பித் தரப்படாத தன்னார்வலர் கைக்காசும் பணக் கொடையில் அடங்கும் என்று ஐ.ஆர்.எஸ். வெளிப்படையாகச் சொன்னது. சட்டப் பிரிவும் அதே 170(பி)-தான் (ஆங்கில அகர வரிசையில் பதினாறாவது எழுத்து, இரண்டாவது அல்ல), தொகை மட்டும் மாறியிருக்கிறது. 2026 படிவத்தின் வழிகாட்டிக் குறிப்பு வந்ததும் ஒருமுறை பார்த்துக்கொண்டு போடுங்கள். குறிப்பை இப்போதே எழுதத் தொடங்குங்கள்.

ஐட்டமைஸ் செய்பவர்களுக்கு 2026-ல் புதிதாக ஒரு தரை வருகிறது: சரிக்கட்டிய மொத்த வருமானத்தில் அரை சதவீதம் வரையான நன்கொடை கணக்கில் வராது. 1,80,000 டாலர் வருமானம் என்றால் முதல் 900 போய்விடும். மைல் கணக்கு மட்டும் வைத்திருப்பவருக்கு அதோடு கதை முடிந்தது. ஸ்டாண்டர்ட் எடுப்பவரின் 2,000-க்கு இந்தத் தரை இல்லை, அந்த வகையில் உங்களுக்கு லாபம்தான்.

80ஜி ரசீது இந்திய வரிக்கு மட்டும். அங்கே உங்களுக்கு வாடகையோ வட்டியோ வருமானமாக வந்து, பழைய வரி முறையில் கணக்குப் போட்டால் உதவும். பத்தாயிரத்தையும் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை, ஏனென்றால் ரொக்க வரம்பு 2,000 ரூபாய்.

சங்கப்_பொருளாளர்

இன்னொண்ணு. உங்க கம்பெனியில தன்னார்வ மணி நேரத்துக்குக் காசு கொடுக்குற திட்டம் இருக்கான்னு பாருங்க. பெரிய கம்பெனிகள் பலதுல இருக்கு. ஊழியர் செஞ்ச மணி நேரத்துக்கு இவ்வளவுன்னு பள்ளிக்கே பணம் அனுப்பும். வரியில உங்களுக்கு எதுவும் வராது, ஆனா உங்க 9 நாள் மைல் கணக்கைவிடப் பள்ளிக்கு நிறையவே கிடைக்கும். பல திட்டங்கள்ல மணி நேரத்தை அமைப்போட பொருளாளர் தளத்துல போய் உறுதி பண்ணணும். அதனால மணி நேரத்தைப் பதிவு பண்ணிட்டு எங்களுக்கு ஒரு மின்னஞ்சல் தட்டுங்க, இல்லேன்னா அது யார் கண்ணுலயும் படாம காலாவதியாயிடும்.